தழலும் தணிப்பும்

நெருப்பைத் தணிப்பது அதன் ஆற்றலை மறுப்பதாகுமா என்னும் வினா, ஐம்பூதத் தலங்களுள் தீக்குரியதாகக் கொள்ளப்படும் திருவண்ணாமலையில் வழிபாட்டு முறையாகவே நிலைபெற்றிருக்கிறது. கார்த்திகை மாதத்தில் கிருத்திகை விண்மீனை ஒட்டி, 2,668 அடி உயர மலையின் உச்சியில் பெருந்தீபம் ஏற்றப்படுகிறது. அதே கிருத்திகையைக் கதிரவன் கடந்து செல்லும் சித்திரை, வைகாசிக் காலமாகிய அக்னி நட்சத்திரத்தில், கருவறை லிங்கத்தின் மேல் தாரா பாத்திரம், அதாவது அடியில் நுண்துளையிட்ட நீர்க்கலம், தொங்கவிடப்பட்டு, நறுமண நீர் சொட்டுச் சொட்டாக விழுமாறு தாராபிஷேகம் செய்யப்படுகிறது. ஒரே விண்மீன் ஒரு பருவத்தில் தீயை வளர்ப்பதற்கும் மற்றொரு பருவத்தில் அதைக் குளிர்விப்பதற்கும் உரியதாக அமைந்திருப்பதால், வளர்த்தலும் தணித்தலும் இத்தலத்தில் பகைச் செயல்களாகக் கருதப்படவில்லை என்பது தெளிவாகிறது. ஆயினும் தணித்தல் எதன் பொருட்டு என்னும் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

மலைக்குக் கிழக்கே செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற கிணற்றுப் பாசன ஊர்களில், மின்மோட்டார் பரவுவதற்கு முன் வயல்களுக்கு நீர் இறைத்த டீசல் பம்புசெட், மக்கள் வழக்கில் ஆயில் இன்ஜின் எனப்படுவது, இக்கேள்விக்கு ஒரு விடையைத் தன் அமைப்பிலேயே கொண்டிருந்தது. இறைக்கப்பட்ட நீரில் ஒரு சிறு பகுதி மெல்லிய குழாய் வழியே சிலிண்டரைச் சூழ்ந்த உறைக்குள் சென்று, அங்குள்ள சூட்டை ஏற்று, பின் வாய்க்காலில் கலக்கும். நீருக்காக இயங்கிய எந்திரத்தை அந்நீரே காத்ததோடு, வயல் நிறைந்ததும் எந்திரம் நிறுத்தப்பட்டமையால், அதன் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் பயிரின் தேவையே அளவாக அமைந்தது.

பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென வீட்டுக் கொட்டகையிலேயே மாற்றியமைக்கப்படும் ஸ்போர்ட்ஸ் காருக்கு அத்தகைய இயற்கையான அளவுகோல் இல்லை. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திய பின், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான தடத்தைப் பெற்றது. பொதுச்சாலையில் ஆக்சிலரேட்டர் முழுதும் அழுத்தப்படுவது சில விநாடிகளுக்கே என்பதால் இன்ஜின் ஆயில் பெரும்பாலும் 90 முதல் 110 பாகை செல்சியஸ் வரை நிற்கும். தடத்திலோ நேர்ப்பகுதிதோறும் முழு ஆற்றல் கோரப்படுவதால், சில சுற்றுகளிலேயே அது 130 பாகையைக் கடந்துவிடக்கூடும். உராயும் உலோகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று, அவை ஒன்றையொன்று தொடாமல் காப்பதே ஆயிலின் முதற்கடமை. சூடு ஏறுந்தோறும் அது நீர்த்துப்போய் அப்படலம் மெலிகிறது. மேலும், உயர்வெப்பத்தில் ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்திற்கும், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது பொறியாளர் கொள்ளும் பொது அளவு.

இதற்கான மாற்றத்தில், ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே ஓர் இடைத்தட்டு பொருத்தப்பட்டு, அங்கிருந்து அழுத்தம் தாங்கும் ஹோஸ்கள் வழியாக ஆயில் காரின் முகப்பிலுள்ள கூலருக்கு, அதாவது மெல்லிய தகடுகள் அடர்ந்த வெப்பமாற்றிக்கு, அனுப்பப்பட்டுக் காற்றால் குளிர்ந்து திரும்புகிறது. இவ்விடைத்தட்டினுள் அமையும் தெர்மோஸ்டாட், ஆயில் சுமார் 80 பாகையை எட்டும்வரை கூலருக்குச் செல்லும் வழியைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருக்கும். ஆயில் அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்தால் தடித்து ஓட்டம் குன்றும். எரிதலின் விளைவாகக் கசியும் நீராவியும் வெளியேறாமல் அதில் தங்கி அதைக் கெடுக்கும். எனவே நல்ல குளிர்விப்பு என்பது சூட்டை ஒழிப்பதாக அமையாமல், சூட்டை அதற்குரிய எல்லைக்குள் நிறுத்துவதாகவே அமைகிறது.

இங்கேதான் அறச்சிக்கல் எழுகிறது. கூலர் பொருத்தப்பட்ட கார் முன்னைவிடக் குறைவாக எரிவதில்லை. முன்னைவிட நீண்ட நேரம் முழுமையாக எரிவதற்குத் தகுதி பெறுகிறது. தணிப்பு ஆசையைக் குறைக்காமல் அதற்கு மேலும் இடம் தருமாயின், அதை அடக்கம் என்னும் அறத்தோடு சேர்த்து எண்ணலாமா? புராண மரபு இச்சிக்கலை நன்கு அறிந்திருந்தது. இராவணன் முதலிய அரக்கர்களும் அசுரர்களும் ஐம்பொறிகளை ஒடுக்கிக் கடுந்தவம் புரிந்தே வரம் பெற்றனர். அவர்கள் ஒடுக்கத்தில் குறை இருந்ததாக அம்மரபு சொல்வதில்லை. குறை அவர்கள் வேண்டியதில் இருந்தது. ஆதலால் தன்னை ஒடுக்கும் திறன் மட்டும் ஒருவனை அறவோனாக்கிவிடாது.

திருவண்ணாமலைத் தலபுராணம் ஒரு படி மேலே செல்கிறது. தம்முள் யார் பெரியவர் என்று போட்டியிட்ட பிரமனும் திருமாலும், அடிமுடி காணமுடியாத தழல்தூணாகச் சிவன் நின்றபோது, ஒருவர் அன்னமாக மேலேயும் மற்றவர் பன்றியாகக் கீழேயும் விரைந்தனர். திருமால் தம்மால் இயலவில்லை என ஒப்பினார். பிரமன் தாழம்பூவைப் பொய்ச்சான்றாக்கி முடியைக் கண்டதாகக் கூறினான். இருவரும் தோற்றனர் என்றாலும், தண்டனை தோல்விக்கு விதிக்கப்படவில்லை, எல்லையைப் பற்றிச் சொன்ன பொய்க்கே விதிக்கப்பட்டது. அத்தழல்தூண் அணுகுதற்கரியதாக இருந்தமையால் பின்னர் உயிர்களின் பொருட்டு மலையாகக் குளிர்ந்தது என்றும் அம்மரபு கூறுகிறது. நெருப்பிலிருந்து சூட்டைப் பிரிக்க இயலாததுபோல் சிவத்திலிருந்து சத்தியைப் பிரிக்க இயலாது எனக் கொள்ளும் சைவ சித்தாந்தத்தின்படி, இக்குளிர்ச்சி ஆற்றலின் குறைவாகாது. பிறர் நெருங்கி உய்யும்படி ஆற்றல் தன்னை அமைத்துக்கொள்ளும் அருளே ஆகும்.

பிறர் என்னும் இக்கருத்து பந்தயத் தடத்திற்கும் பொருந்துவதே. சரியாக இறுக்கப்படாத ஓர் இணைப்பிலிருந்து கசியும் ஆயில் தன் காரைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. அது தடத்தில் சிந்தினால், பின்னால் வருபவரின் டயர் பிடிப்பை இழக்கிறது, மஞ்சளும் சிவப்பும் பட்டைகளாக அமைந்த எச்சரிக்கைக் கொடி காட்டப்பட வேண்டியதாகிறது. கனன்றிருக்கும் எக்சாஸ்ட் குழாயில் பட்டால் அது தீப்பற்றவும் கூடும். தீபக் கொப்பரையில் நெய் தன்னைத் தீக்குக் கொடுப்பதற்காகவே ஊற்றப்படுகிறது; இன்ஜினில் ஆயில் தீக்கு அருகிலேயே உழன்றும் தீயில் சேராதிருப்பதற்காக ஊற்றப்படுகிறது. அவ்வேறுபாட்டைக் காப்பவை பொருத்துபவரின் கைந்நேர்மையும், முதல் ஓட்டத்திற்குப் பின் ஒவ்வோர் இணைப்பையும் மீண்டும் சோதிக்கும் பொறுமையுமே.

ஆகவே, தணித்தல் தன்னளவில் அறமும் ஆகாது, ஆற்றலின் மறுப்பும் ஆகாது. கூலர் எல்லையை நீக்குவதில்லை, சற்றுத் தள்ளி வைக்கிறது. தள்ளி வைக்கப்பட்ட எல்லையும் எல்லையே. ஆயிலின் வெப்பத்தைக் காட்டும் மானி அவ்வெல்லையை எட்டியதாக அறிவிக்கும்போது, இன்னும் ஒரு சுற்று ஓடிவிடலாம் எனத் தன்னையே ஏமாற்றிக்கொள்பவன் பிரமனின் வழியில் செல்கிறான். வேகத்தைக் குறைத்துப் பிட்டுக்கு, அதாவது தடத்தோரத்தில் கார்களைச் சரிபார்க்கும் இடத்துக்கு, திரும்புபவன், பந்தயத்தில் பின்தங்கினாலும், திருமாலின் வழியில் நிற்கிறான். கூலரைப் பொருத்துவது கைத்திறனால் முடியும். மானியின் சொல்லுக்குக் கட்டுப்படுவதற்கு மெய்ம்மையும் வேண்டும். அது இல்லாதவிடத்து எத்தணிப்பும் செருக்குக்குப் பணிபுரிவதாகவே முடியும்.