பால்கோவாவும் குடலின் கோபமும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, பாலைச் சர்க்கரையுடன் கைவிடாது கிளறிச் சுண்டக் காய்ச்சிச் செய்யப்படுவதால், பாலுக்கே உரிய லாக்டோஸ் என்னும் சர்க்கரை அதில் செறிந்து நிற்கிறது. புண்ணோ கட்டியோ இன்றியே வயிற்றுவலியும் மலப்போக்கு மாற்றமும் விட்டுவிட்டு நீடிக்கும் குடல் எரிச்சல் நோய்க்குறி உடையோருள் லாக்டோஸ் செரிக்காதவர்க்கு, அது பெருங்குடலில் நொதித்து வயிற்றை உப்பச் செய்கிறது. எனினும் பழி முழுவதையும் பால்கோவாவின் தலையில் கட்டுவது நியாயமன்று. இராஜபாளையத்து நூற்பாலைகளில் இரவு ஷிப்ட் பார்ப்போரின் உறக்கமும் உணவுவேளையும் குலையும்போது, குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புவழித் தொடர்பும் தடுமாறி, இயல்பான குடலசைவே சிலருக்கு வலியாக உணரப்படலாம். குடல் கோளாறுகளை வகைப்படுத்த மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016இல் வெளியான ரோம் 4 வரையறையும் இந்நோய்க்குறியைக் குடல்-மூளைத் தொடர்பின் கோளாறாகவே வகைப்படுத்துகிறது. பரிசோதனை அறிக்கையில் 'ஒன்றுமில்லை' என்றிருப்பதைக் கண்டு, நோயாளி நடிக்கிறார் என்று வீட்டார் முடிவுகட்டுவது நோயினும் கொடிது. இந்நோய் புற்றாக மாறுவதில்லை; முற்றாக நீங்காவிடினும் உபாதையற்ற நாட்களின் தொடர் நீளக்கூடும். பால், வெங்காயம், பூண்டு ஆகியவற்றைச் சில வாரங்கள் மருத்துவர் துணையுடன் நிறுத்தி, பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்போருக்கு, ஒரு சிறு கரண்டிப் பால்கோவா ஒத்துக்கொள்ளவும் கூடும்.