குளித்தால் போகிற அழுக்கு

குப்பை எல்லா ஊரிலும் நாறும். எல்லா ஊரிலும் அதை யாரோ ஒருவர் எடுத்துத்தான் ஆகவேண்டும். அப்படியானால் அந்த வேலைக்கு ஒட்டுகிற இழிவு எங்கிருந்து வருகிறது? பொருளிலிருந்தா, தொடுகிறவனின் பிறப்பிலிருந்தா? பொருளிலிருந்து என்றால் உலகத்தில் எவன் தொட்டாலும் ஒரே மாதிரி ஒட்ட வேண்டும். பிறப்பிலிருந்து என்றால் குப்பையை ஒருநாளும் தொடாத நம் பிள்ளைக்கும் ஒட்டும். சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்கி வைத்திருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே சொல்லிவிட்டார். இருந்தும் துப்புரவுத் தொழில் பற்றிப் பேச்சு வந்தாலே மூன்று பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எல்லா உழைப்பும் மேன்மையானது என்பது ஒன்று. இயந்திரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இரண்டு. கூலியைக் கூட்டிக்கொடுத்தால் போதும் என்பது மூன்று. இந்த மூன்றையும் நான் வேலை பார்த்த இடத்தை வைத்து உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

நகராட்சித் துப்புரவுத் தொழிலாளியின் மகன் நான். மதுரைப் பக்கம் நகராட்சிக் காலனியில் பிறந்து, சுற்றுச்சூழல் பொறியியல் மேல்படிப்புக்காக 2016-ல் ஜெர்மனி போனேன். அப்போது வெளிநாட்டு மாணவன் அங்கே வருஷத்துக்கு 120 முழு நாள் வேலை பார்க்கலாம். எனக்குக் கிடைத்தது குப்பை பிரிக்கும் ஆலையில். படிப்பு முடிந்த பிறகும் அதே துறையில்தான் முதல் வேலை.

அந்த நாட்டில் பிளாஸ்டிக், தகரம் போன்ற உறைகளை வீட்டிலேயே பிரித்து மஞ்சள் பையிலோ மஞ்சள் தொட்டியிலோ போட்டுவிடுகிறார்கள். உறையைச் சந்தைக்குக் கொண்டுவருகிற கம்பெனிதான் அதைத் திரும்பப் பெறுகிற செலவையும் ஏற்கவேண்டும் என்று 1991-ல் விதி செய்தார்கள். ஆலைக்கு வந்த பையை ஒரு இயந்திரம் கிழிக்கும். உருளைச் சல்லடை அளவுவாரியாகப் பிரிக்கும். காந்தம் இரும்பை இழுக்கும். சுழல் மின்னோட்டக் கருவி அலுமினியத்தைத் தனியே எறியும். அகச்சிவப்பு ஒளி பட்டு, இது இன்ன பிளாஸ்டிக் என்று தெரிந்ததும் காற்று ஊதி வேறு வேறு குழிகளில் தள்ளும். பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கும். ஆனால் கரி கலந்த கருப்பு பிளாஸ்டிக் அந்த ஒளியைத் தின்றுவிடும், கருவிக்குக் கண் தெரியாது. குழந்தையின் மலத்துணி, ஊசி, அழுகிய கறி எல்லாம் மஞ்சள் பைக்குள் வரத்தான் செய்கிறது. ஆகவே கடைசியில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஓடுகிற பட்டையின் இரண்டு பக்கமும் மனிதர்கள். இத்தனை கோடி போட்டுக் கட்டிய ஆலையிலும் கடைசியில் நிற்பது கைதான்.

அந்த அறையில் நானும் நின்றிருக்கிறேன். உடை மாற்றும் இடம் அங்கே இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் வீட்டுத் துணி, மறுபக்கம் வேலைத் துணி, நடுவில் குளிக்கும் இடம். வேலைத் துணியை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, கம்பெனிதான் துவைக்கும். மஞ்சள்காமாலைக்குத் தடுப்பூசி போட்டார்கள். சாயந்திரம் குளித்துவிட்டு அந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே வந்தால் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் நகர்ந்து உட்காரவில்லை. ரொட்டிக்கடைக்காரி காசை என் கையில் கொடுத்தாள், மேசைமேல் வைத்துத் தள்ளவில்லை. அப்பாவும் தினம் குளித்தார். வேலை முடிந்து வந்து லைஃப்பாய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். எங்கள் ஊர் டீக்கடையில் அவருக்கான டம்ளர் குளிப்பதற்கு முன்னாலும் ஒன்றுதான், பின்னாலும் ஒன்றுதான்.

அதற்காக ஜெர்மனி சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. என்னோடு பட்டையில் நின்றவர்கள் துருக்கியர், ருமேனியர், சிரியாவிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளை ஜெர்மானியர். அந்த ஊர் சுத்தத்துக்கு வெளியூர்க் கைகளும் தேவைப்படுகின்றன. 2018-ல் சீனா தன் கதவைச் சாத்தியதும் ஐரோப்பிய பிளாஸ்டிக் மலேசியாவுக்கும் துருக்கிக்கும் போய்க் குவிந்ததை உலகமே பார்த்தது. யார் தலையில் கொட்டுவது என்கிற கேள்விக்கு எல்லா ஆதிக்கமும் ஒரே பதிலைத்தான் சொல்கிறது. ஆனாலும் ஒரு வித்தியாசத்தை நான் மறைக்க முடியாது. என்னோடு நின்ற துருக்கிக்கார அம்மாவின் மகள் மருந்தியல் படித்தாள். அதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. அந்த அம்மா குப்பை பிரிக்கிறவர், அவ்வளவுதான். குப்பை பிரிக்கிற சாதி என்று ஒன்று அங்கே இல்லை.

ஆனால் சாதி விமானம் ஏறி வந்திருந்தது. எங்கள் விடுதியில் ஒரு தமிழ்ப் பையன். என் வேலையைக் கேட்டதும் "சூப்பர் ஃபீல்டுங்க, நல்ல ஃப்யூச்சர்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க ஊரு எது? ஊர்ல எந்தப் பக்கம்?" என்றான். நகராட்சிக் காலனி என்றேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டுச் சமையலுக்கு அதன்பிறகு எனக்கு அழைப்பு வரவில்லை. மறுசுழற்சி அவனுக்கு எதிர்காலம், எனக்குப் பூர்வீகம். ஒரே துறைதான். குப்பையைத் தொட்டபோது ஒட்டாத தீட்டு, ஊரைச் சொன்னபோது ஒட்டியது. மேலே கேட்ட கேள்விக்கு இதைவிடத் துல்லியமான சோதனை வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி வீட்டிலிருந்து வந்தது. அது இன்னும் கஷ்டமானது. அம்மா போனில் கேட்டாள்: "ஏம்ப்பா, ஒங்க தாத்தா அள்ளுனாரு. ஒங்கப்பா அள்ளுனாரு. நீ பிளேன் ஏறிப் போயி அங்கயும் அதத்தான் செய்யிறியா? அதுக்கு இங்கனயே வெளக்கமாத்தப் புடிச்சிருக்கலாம்ல?" இன்ஜினியர் வேலைம்மா என்று சொல்லலாம். அது பதில் ஆகாது. அவள் கேட்டது பதவியைப் பற்றி இல்லை. நான் இதைத் தேர்ந்தெடுத்தேனா, இல்லை சாதி என் தேர்வுக்குள்ளேயே புகுந்துகொண்டதா என்பதுதான் அவள் கேட்டது.

இதை யோசித்தபோதுதான் அந்த மூன்று பதில்களின் பொய்யும் எனக்குப் பிடிபட்டது.

முதலில் உழைப்பின் மேன்மை. காந்தி 1936-ல் தன் ஹரிஜன் பத்திரிகையில் இலட்சியத் தோட்டி எப்படி இருக்கவேண்டும் என்று எழுதினார். மலம் அள்ளுகிறவனைப் புகழ்ந்து புகழ்ந்தே அந்த இடத்தில் நிறுத்தி வைக்கிற தந்திரம் இது என்று அம்பேத்கர் 1945-ல் கிழித்துப்போட்டார். இன்றைக்குத் தோட்டி என்கிற சொல் போய் 'தூய்மைப் பணியாளர்', 'தூய்மைக் காவலர்' வந்திருக்கிறது. சொல்லைக் கழுவியாகிவிட்டது. மேன்மையான வேலை என்றால் அதற்கு ஏன் மற்ற சாதிக்காரன் வரிசையில் நிற்கவில்லை?

அடுத்தது இயந்திரம். 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். சாக்கடைக்குள் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-லும், 30 லட்சம் என்று 2023-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவு நிற்கவில்லை. இயந்திரம் கண்டுபிடிக்காமலா இருக்கிறது? ஒரு மனிதன் 'மாட்டேன்' என்று சொல்லக்கூடிய இடத்தில்தான் அவனுக்குப் பதிலாக இயந்திரம் வாங்குகிறார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாத ஒரு கூட்டத்தைப் பிறப்பிலேயே தயார்செய்து கொடுக்கிற சமூகத்துக்கு இயந்திரம் எதற்கு? வாங்கினாலும் அந்தக் கண்ணாடி அறை மிஞ்சும். அங்கே நிற்பது யார் கை என்கிற கேள்வியும் மிஞ்சும்.

மூன்றாவது, கூலி. இதில் நமக்குள்ளேயே குழப்பம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் 5, 6 மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, பெரும்பாலும் தலித் பெண்களான தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அப்போது நம் பக்கத்திலிருந்தே இரண்டு குரல்கள் எழுந்தன. நிரந்தரமாக்கு என்றது ஒன்று. நிரந்தரமாக்கினால் நம் சனங்களை அந்த வேலையிலேயே நிரந்தரமாகக் கட்டிப்போட்டுவிடுவாய் என்றது மற்றது.

இரண்டாவது குரலில் இருக்கிற கோபம் என் அம்மாவின் கோபம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் என் அனுபவம் வேறு சொல்கிறது. என்னைப் படிக்க வைத்தது அப்பாவின் நிரந்தரச் சம்பளம். மாதம் பிறந்தால் வருகிற பணம், பி.எஃப்., ஓய்வூதியம், அதைக் காட்டி வாங்கிய கடன். ஒப்பந்தக்காரனிடம் தினக்கூலிக்கு நின்றிருந்தால் எட்டாம் வகுப்போடு நானும் வண்டி தள்ளப் போயிருப்பேன். அப்பாவை அந்த வேலை நிரந்தரமாக்கியது, என்னை வெளியே அனுப்பியது. உள்ளே இருக்கிறவருக்குப் பாதுகாப்பும் அவர் பிள்ளைக்கு வெளியேறும் வழியும் ஒன்றையொன்று வெட்டுகிற கோரிக்கைகள் இல்லை. முதலாவது இல்லாமல் இரண்டாவது நடக்காது. கூலி மட்டும் சாதியை ஒழிக்காது என்பது உண்மை. அப்பாவின் டம்ளர் மாறவில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்கிற தெம்பு ஒரு தலைமுறை தள்ளியாவது அந்தக் கூலியிலிருந்துதான் வந்தது.

ஆகவே அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "நான் வேணாம்னு சொல்லியிருந்தா வேற வேலை இருந்துச்சும்மா. அப்பாவுக்கு இல்ல." ஒரு தேர்வு சுதந்திரமானதா என்று அறிய வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. மறுக்க முடிந்தவன் செய்தால் அது வேலை. மறுக்க முடியாதவன் செய்தால் எவ்வளவு பூமாலை போட்டாலும் அது அடிமைத்தனம். அம்மா சமாதானம் ஆகவில்லை. ஆகவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. மூன்று தலைமுறை நாற்றத்தை என் ஒரு வாக்கியம் கழுவிவிடாது.

மறுசுழற்சி, பசுமைப் பொருளாதாரம் என்று இப்போது இங்கேயும் பெரிய பணம் இறங்குகிறது. ஆலோசகர், திட்ட மேலாளர், முதலாளி என்று மேலே உட்காரப் புதுப்புது ஆட்கள் வருவார்கள், அதிலே எல்லாச் சாதியும் இருக்கும். கீழே கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குனிந்து பொறுக்குகிறவர்கள் யார்? இதைக் கேட்காமல் சுற்றுச்சூழல் பேசுகிற எவரோடும் நமக்குப் பேச ஒன்றுமில்லை. தோழர்களே, ஒவ்வொரு நகராட்சியும் தன் துப்புரவுப் பிரிவின் வருகைப் பதிவேட்டைச் சாதிவாரியாக வெளியிடட்டும். நிரந்தரமும் ஒப்பந்தமும் தனித்தனியாக. அதைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, உழைப்பின் மேன்மையைப் பற்றி அவர்கள் பேசட்டும். நாமும் உட்கார்ந்து கேட்போம்.