குழவியின் தளர்நடையும் பெற்றோர் வினையும்

அமரவேண்டிய திங்களில் அமராமலும், நடக்கவேண்டிய திங்களில் நடவாமலும் ஒரு குழவி காலந் தாழ்க்குமாயின், ஈன்றாள் தன்னையே வினவிக்கொள்வது, 'யான் செய்த பிழை யாது?' என்பதே. சூலுற்ற காலத்து உண்டதும் உறங்கியதும் எண்ணி எண்ணி அவள் உள்ளம் நைகின்றது. சுற்றத்தாரோ, 'பெற்றோர் வினை பிள்ளையின் காலைப் பற்றியது' என்று எளிதிற் கூறி அகல்கின்றனர். இக்கூற்றுச் சித்தாந்த நெறிக்கு ஒக்குமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வினை செய்த உயிரே அதன் பயனை நுகரும் என்பது நம் நூல்களின் துணிபு. ஓருயிரின் பிராரத்தம் மற்றோருயிரைச் சென்று பற்றாது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனையும் அவ்வவ்வுயிரின் வினைக்கீடாகக் கூட்டுவிப்பான் இறைவன். தாயுந் தந்தையும் அவ்வுடம்பு வருதற்கு வாயில் ஆவரன்றி, அதனை அளந்து கொடுப்பார் ஆகார். ஆகலின், தாயின் வினை குழவியின் காலைப் பிணித்தது என்றல் பொருந்தாது.

அற்றேல், அக்குழவியே முன்னைத் தீவினை உடையதென்று இகழலாமோ எனின், அதுவும் ஆகாது. எவ்வினை எப்பயனாய் முதிர்ந்தது என்று அறிதல் முற்றுணர்வுடைய இறைவற்கே உரியது. சிற்றறிவுடையோம் அதனைக் கண்டார்போற் கூறுதல் செருக்கின்பாற்படும். ஐந்தாண்டு வரை வாய் பேசாதிருந்தார் எனப்படும் குமரகுருபர அடிகளையோ அவர்தம் பெற்றோரையோ சைவ உலகம் பழிப்பதில்லையே! பழியில்லாத தாயைப் பழிக்குஞ் சொல், பழித்தார்க்கே ஆகாமியமாய் ஏறும்.

இனி, காலந் தாழ்ந்தது என்பதற்கு அளவு யாது? பிள்ளைத்தமிழ் பாடுவார் செங்கீரைக்கு ஐந்தாந் திங்களையும், சப்பாணிக்கு ஒன்பதாந் திங்களையும், வருகைக்கு ஓராண்டை ஒட்டிய காலத்தையும் கொள்வர். அது பாட்டிற்கு வகுத்த முறை; எல்லாக் குழவிகட்கும் இட்ட கட்டளை அன்று. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழவிகளை ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவையின்படி, நலமுள்ள குழவி தானே நடத்தல் ஏறக்குறைய 8 திங்கள் முதல் 17½ திங்கள் வரை எப்பொழுதும் நிகழலாம். நூற்றுக்கு ஏறக்குறைய 4 குழவிகள் முழந்தாளிட்டுத் தவழாமலே நடந்தன. குறைமாதத்திற் பிறந்த குழவிக்கோ, பிறக்கவேண்டிய நாளினின்று திங்களை எண்ணுதல் மருத்துவர் வழக்கம்.

அங்ஙனமாயின் வாளா இருக்கலாமோ எனின், இருத்தலாகாது. 18 திங்கள் நிரம்பியும் நடவாமை, உடல் மிகத் துவளுதல் அல்லது விறைத்தல், ஓராண்டு நிரம்புமுன்னரே ஒரு கையை மட்டும் வழங்குதல், முன்பு செய்ததைச் செய்யாதொழிதல் என்பன காணின், உடனே மருத்துவரிடங் காட்டல் வேண்டும். 'எல்லாம் ஊழ்' என்று சோம்பியிருத்தல் சித்தாந்தம் அன்று. வினைப்பயனைக் கூட்டும் இறைவனே மருத்துவர் கைத்திறனையும் பெற்றோர் நெஞ்சில் அன்பையும் கூட்டினான். அவற்றைக் கொள்ளாமை அவன் அருளைப் புறக்கணித்தலேயாம்.

ஈன்றாளின் துயர் பொய்யென்று யாம் கூறவில்லை. அன்புள்ள இடத்தே அச்சமும் உண்டு. ஆயினும், கழிந்ததை நினைந்து தன்னை நோதல் வேறு. இன்று செய்யக் கடவதைச் செய்தல் வேறு. முன்னதனாற் குழவிக்கு ஒரு பயனும் இல்லை. பின்னதே தொண்டு. அக்குழவி விரைவில் நடப்பினும், நெடுநாட் கழித்து நடப்பினும், நடவாதே ஒழியினும் அவ்வுயிர் சிவனுக்கு உரியது. அதனைப் பேணும் பொறுப்பினை அவன் நம்பி ஒப்படைத்த கைகள் பெற்றோர் கைகள் என்க.