வளர்ப்புயிரின்பால் வைத்த அன்பு பாசமோ?

சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 5,000 அடி உயரத்துள்ள ஏற்காட்டிற் காப்பித் தோட்டம் காத்துவரும் சைவ அன்பர் ஒருவர், தம் மனையிற் பன்னீராண்டு வளர்ந்த பூனை இறந்து ஒரு திங்கள் கழியுமுன், தாயிழந்த குட்டியொன்று குளிருக்கு ஒதுங்கி வந்ததென்றும், அதனைப் பேணுதல் இறந்ததற்குச் செய்யும் இரண்டகமாகத் தம் மனையாட்டிக்குத் தோன்றுகின்றதென்றும் கூறி, சித்தாந்த முடிபு யாதென வினவினார். இவ்வினா எளிதன்று. உயிரியல்பும் பாசவியல்பும் இதன்கண் அடங்கிக் கிடத்தலின் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் ஒரு பொய்த் தேற்றரவை விலக்குதல் வேண்டும். இறந்த பூனையே இக்குட்டியாய் மீண்டது என்பாரும் உளர். பூனை கருவுற்று ஈனுதற்கு இரண்டு திங்களளவு செல்லும். ஒரு திங்களுள் வந்த குட்டி, முன்னையது உயிரோடிருந்த காலத்தேயே கருவமைந்ததாம். ஆகலின் இது வேறோர் உயிர். அன்றியும், உடம்பு விட்ட உயிர் தன் வினைக்கேற்ற உடம்பையே இறைவனாற் பெறும். நம் விருப்பிற்கேற்றதைப் பெறுமாறில்லை.

அற்றேல், வேறோர் உயிரின்பால் அன்பு வைத்தல் மீட்டும் ஒரு தளை பூணுதலாகாதோ? மானின்பால் வைத்த பற்றால் மானாய்ப் பிறந்த பரதன் வரலாறு பாகவதத்துட் கூறப்படுகின்றதன்றோ எனின், கூறுதும். நீரில் வீழ்ந்த மான்கன்றை எடுத்துக் காத்தமை பரதனுக்குக் குற்றமாயிற்றில்லை. வழிபாடு நெகிழ, இறுதிக்காலத்தும் அதுவே உள்ளத்தைக் கவர்ந்து நின்றமையே குற்றம். உலகவழக்கில் அன்பைப் பாசமென்பர். சித்தாந்தத்திற் பாசமாவன ஆணவம், கன்மம், மாயை. 'எனது' என்னும் செருக்கொடு கூடிய விருப்பம் பற்று. பிறவுயிரின் துயரைத் தன் துயராகக் கோடல் அருள். பற்றுச் சுருங்கும், அருள் விரியும்.

திருவிளையாடற் புராணத்துள், வேட்டையிற் பன்றிகள் மடியத் தாயிழந்து பசியால் வருந்திய பன்னிரு குட்டிகட்கு ஆலவாயண்ணல் தாய்ப்பன்றியாய் வந்து முலை கொடுத்தருளினான். அதனால் இறந்த தாய்க்கு இழுக்குண்டாயிற்றென எவரும் கூறார். இறந்ததன் இடத்தைக் கவர வந்தானல்லன். பசி கண்டு வந்தான். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில், 1948-ம் ஆண்டு ஜூன் 18-ல் இறந்த பசு லட்சுமியின் சமாதியோடு மான், காகம், நாய் என்பவற்றின் சமாதிகளும் உள. ஓருயிர்மேற் சென்ற அன்பு மற்றோருயிர்க்குத் தடையாகாமைக்கு அவை சான்று.

இனி, இறந்ததற்காக அழுதல் குற்றமோ எனின், அன்று. பன்னீராண்டுப் பழக்கத்தால் உள்ளம் நெகிழ்ந்தது. அந்நெகிழ்ச்சியே இக்குட்டியின் குளிரையும் காணச் செய்தது. குட்டியைத் துரத்துவதே முன்னையது கற்பித்த அன்பிற்கு இரண்டகமாம்.

ஆயினும் ஒன்று கருதற்பாலது. பழையதன் பெயரை இதற்கு இட்டு, பழையதன் குணங்களை இதன்பால் தேடுதல் நேரிதன்று. அஃது இவ்வுயிரைக் காணாது நம் இழப்பையே காண்டலாம். குட்டி மடிக்கு வாராது மறைந்திருப்பினும், உணவும் வெப்பமும் தந்து காத்திருத்தல் வேண்டும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாகலின், நம் பொறுமையைச் சார்ந்து அதன் அச்சம் நீங்கும்.

ஆதலின் குட்டியைப் பேணுக; இறந்ததை மறக்கவும் வேண்டா. ஈருயிரும் ஒரு தலைவன் உடைமை. நம்முடைமை யாதுமில்லை என்றுணர்ந்தார்க்கு, ஒன்றை இழந்து ஒன்றைப் பெற்றோமென்னும் கணக்கும் இல்லையென்க.