பாட்டன் நின்ற பெரட்டுக்களம்

காலப்பயணம் என்பது, ஒருவர் தாம் வாழும் காலத்தை விட்டு நீங்கி, உடலோடும் உணர்வோடும் வேறொரு காலத்துக்குள் போய் நிற்பதாக அமைக்கப்படும் கதை உத்தியாகும். 1895இல் எச். ஜி. வெல்ஸ் தம் நாவலில் அதற்கென ஓர் இயந்திரத்தைக் காட்டி அறிவியல் புனைவில் அதை நிலைநிறுத்திய பிறகு, வரலாற்று நாவலும் காதல் கதையும் பேய்க்கதையும் அதைத் தத்தம் போக்குக்கு ஏற்ப எடுத்தாண்டுள்ளன. தமிழ்த் திரையிலும் ‘இன்று நேற்று நாளை’ படத்தின் இயந்திரம், ‘24’ படத்தின் கைக்கடிகாரம், ‘மார்க் ஆண்டனி’ படத்தின் தொலைபேசி என்று வாகனம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வாகனம் எதுவாயினும் இவ்வகைக் கதைகளுள் ஆழமானவை ஒரு கேள்வியைத் தவிர்ப்பதில்லை: நடந்திருக்கவே கூடாத ஒன்று நடந்து, அதன் விளைவாகவே ஒருவர் பிறந்திருந்தால், அந்தக் கடந்தகாலத்தோடு அவர் எப்படி வாழ்வது? மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் வேர்கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இது தம் பிறப்பையே தொடும் கேள்வி.

அம்மாநிலத்தின் மேற்கே போர்ட்டிக்சன், லுக்குட், ரந்தாவ் வட்டாரங்களிலும், கிழக்கே பகாவ், கெமாஸ் பக்கங்களிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழித்து ரப்பர் நடப்பட்டபோது, கங்காணி எனப்பட்ட ஆள்சேர்ப்பாளர் தம் சொந்த ஊருக்கும் அதன் சுற்றுவட்டத்துக்கும் போய் உறவினரையும் ஊராரையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். 1938இல் இந்திய அரசு தடை விதித்ததோடு அந்த வரத்து நின்றது. அவர்கள் பாலுக்காகப் பட்டை வெட்டிய ரப்பர் மரங்கள், அதாவது பால்மரங்கள், பின்னர் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டன. நீலாய், லாபு, செனாவாங் போன்ற இடங்களில் செம்பனையும் பால்மரமும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் வழிவிட்டன. தோட்டம் மறைந்தபின் வேறிடம் பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் சில இன்றும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்பதால், மரம் ஒன்றைக்கூட வெட்டியறியாத பிள்ளைகள் நாள்தோறும் சீருடையில் ஒரு தோட்டத்தின் பெயரை அணிந்து செல்கிறார்கள்.

அத்தகைய பிள்ளைகளின் வீடுகளில் தோட்டத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இனிமையாகவே இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவும், திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட படமும், லயம் எனப்படும் நீண்ட வரிசை வீடுகளில் கதவு சாத்தாமல் வாழ்ந்த பழக்கமும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. அந்த இனிமை பொய்யன்று. அங்கே வாழ்ந்தவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட உறவுகளின் உண்மையான மணம் அதில் இருக்கிறது. ஆயினும் நினைவு உடலை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. காலப்பயணக் கதையோ உடலையும் கூட்டிச் செல்கிறது, அதனாலேயே அது நினைவைவிட நேர்மையான கருவியாகிறது. விடியற்காலை இருட்டில், பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்கு, கொசு மொய்க்க வரிசையில் நிற்க வேண்டியது அந்த உடல்தான். சூரியன் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மந்தமாகும் என்பதால், மனிதரின் உறக்கத்தை மரத்தின் உடற்கூறு தீர்மானித்தது. 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் குறைக்கப்பட்டது. இவற்றையெல்லாம் ஏக்கம் மறப்பது இயல்பு. உடலோடு போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்த உண்மையை எவரைவிடவும் கடுமையாக எழுதியவர் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர். 1979இல் வெளிவந்த அவருடைய ‘கிண்ட்ரெட்’ நாவலில், 1976ஆம் ஆண்டின் கலிஃபோர்னியாவில் வாழும் டானா என்னும் இளம்பெண், இயந்திரம் ஏதுமின்றி, காரணமும் விளக்கப்படாமல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மேரிலாந்துப் பண்ணை ஒன்றுக்கு இழுக்கப்படுகிறாள். அடிமைகளை உடைமையாக வைத்திருக்கும் அந்தப் பண்ணைக்காரனின் மகன் ரூஃபஸ் உயிராபத்தில் சிக்கும்போதெல்லாம் அவள் அங்கே போக நேர்கிறது. அவன் அவளுடைய மூதாதை. அவன் ஓர் அடிமைப் பெண்ணைப் பலவந்தப்படுத்திப் பெறப்போகும் குழந்தையின் வழியில்தான் அவளுடைய குடும்பம் வரவிருக்கிறது. ஆகவே அவன் சாகாமல் காப்பதே அவள் தன் பிறப்பைக் காப்பதாகவும் ஆகிறது. இறுதிப் பயணத்திலிருந்து அவள் ஒரு கையை இழந்தே மீள்கிறாள். கடந்தகாலத்துக்குப் போய்வந்தவர் முழுமையாகத் திரும்ப முடியாது என்பதைப் பட்லர் உருவகமாகச் சொல்லாமல் வெட்டுப்பட்ட உடலாகவே காட்டினார்.

மேரிலாந்தின் அடிமைமுறையும் மலாயாவின் கூலிமுறையும் ஒன்றல்ல. பின்னதில் மனிதர் விற்கப்படவில்லை. சட்டமும் தொழிலாளர் இலாகாவும் இருந்தன. கடனும் தூரமும் நோயும் கட்டிப்போட்டாலும் திரும்பிப் போனவர்கள் பலர். ஆனால் டானாவைத் தைக்கும் முள் இங்கும் தைக்கிறது. பிரிட்டிஷ் மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில் ஒரு சிக்கலை விரிவாக ஆராய்ந்தார். ஒவ்வொரு மனிதரும் குறிப்பிட்ட இருவர் குறிப்பிட்ட நேரத்தில் கூடியதால் பிறந்தவர். எனவே முன்னோரின் வாழ்க்கைப் போக்குச் சற்று மாறியிருந்தாலும் அவருக்குப் பதில் வேறொருவர் பிறந்திருப்பார். அப்படியிருக்க, தம் பிறப்புக்கே காரணமான அநீதியால் தமக்குத் தீங்கு நேர்ந்ததாக ஒருவர் எவ்வாறு சொல்ல முடியும் என்பதே அச்சிக்கல். சேலத்துக்காரர் ஒருவரும் வடஆர்க்காட்டுப் பெண் ஒருத்தியும் பகாவுக்கு அருகே ஒரே லயத்தில் குடியமர்த்தப்படாமல் இருந்திருந்தால், அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் எவரும் சிரம்பானில் இன்று இருக்கப் போவதில்லை. தோட்டமே அமைந்திருக்கக் கூடாது என்று விரும்புகிறவர், அறியாமலே, தாம் பிறந்திருக்கக் கூடாது என்றும் விரும்பியவராகிறார்.

இதற்குச் சொல்லத்தக்க விடை ஒன்று உண்டு. தம் இருப்புக்காக மகிழ்வதும், அந்த இருப்பை உண்டாக்கிய முறையை மன்னிக்காமல் இருப்பதும் ஒரே மனதில் ஒருசேர இருக்கலாம். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. தோட்டம் வாழ வைத்தது என்று நன்றி பாராட்டுவோர், வாழ வைத்தவை அங்கே உழைத்த கைகளே என்பதை மறக்கிறார்கள். தோட்டம் துன்பம் ஒன்றையே தந்தது என்போர் அக்கைகள் வளர்த்த குழந்தைகளையும் கட்டிய கோயில்களையும் மறக்கிறார்கள். தீபாவளிக்கு முன் முன்னோருக்குப் படையலிட்டு, அவர்கள் விரும்பி உண்டவற்றை இலையில் வைத்து, சற்று நேரம் விலகி நின்று அவர்கள் வந்துபோக இடம்விடும் குடும்பங்கள், இவ்விரண்டையும் ஒருசேரச் சுமக்கத் தெரிந்தவை என்றே கருத வேண்டும். அங்கே பயணம் செய்பவர்கள் இறந்தவர்கள். இருப்பவர்கள் அவர்களுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள்.

புராணத்திலும் காலப்பயணக் கதை உண்டு. மகள் ரேவதிக்கு மணமகன் தேடிப் பிரம்மலோகம் சென்ற ககுத்மி என்னும் அரசன், அங்கே கந்தர்வர் இசை முடியும்வரை காத்திருந்து தன் கேள்வியைக் கேட்டபோது, அந்தச் சிறு பொழுதுக்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கடந்துவிட்டன என்றும், அவன் மனத்தில் வைத்திருந்த மாப்பிள்ளைகளும் அவர்களின் வழித்தோன்றல்களும்கூட இல்லை என்றும் பிரம்மா சொல்கிறார். சில ஆண்டுகள் சம்பாதித்துவிட்டுத் திரும்பலாம் என்று கப்பலேறி, பல பத்தாண்டுகள் கழித்து ஊர் பார்க்கப் போன முதல் தலைமுறையினரின் நிலை இதுவே. நிலம் பங்காளிகளிடம் போயிருந்தது, வயதொத்தவர்கள் மறைந்திருந்தார்கள், அவர்கள் பேசிய ஊர்ப் பேச்சே பழையதாகிவிட்டிருந்தது. இயற்பியல் இதைக் காலநீட்சி என்கிறது, அதாவது மிக வேகமாகச் செல்பவருக்குக் காலம் மெதுவாக நகர்தல். தோட்டத் தொழிலாளி எந்த வேகத்திலும் செல்லவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அந்த இழப்பை அடைந்தார் என்பதுதான் வேதனை.

நின்ற இடத்தில் நிற்பதற்கும் ஒரு கதைவகை உண்டு. ஒரே நாள் மீண்டும் மீண்டும் நிகழும் காலச்சுழல் கதைகளில், வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) படத்தில் நடப்பதுபோல, நாயகன் ஒவ்வொரு சுற்றிலும் எதையாவது கற்றுக்கொண்டு இறுதியில் சுழலை உடைக்கிறான். தோட்டத்தின் சுழல் அப்படி உடையவில்லை. பெரட்டு, நிரை எனப்படும் மரவரிசை, மங்கு எனப்படும் கிண்ணங்களில் சேர்ந்த பால், ஸ்டோரில் எடை, மறுநாள் மீண்டும் பெரட்டு. ரப்பர் கன்று பால் தரும் மரமாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள்வரை அது பயன் தரும். பின்னர் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். சிறுவயதில் பால்வெட்டும் உளி பிடித்த ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே நிரையில் இரு தலைமுறை மரங்களைக் கண்டிருப்பார். சீவிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்து இன்னொரு முறை வெட்டுக்குத் தயாராகிவிடும். வெட்டியவரின் முழங்காலும் முதுகும் அவ்வாறு வளர்வதில்லை. அந்தச் சுழலில் முன்னோக்கி நகர்ந்தது அவர் முதுமை ஒன்றுதான். உழைப்பவரும் அனுபவிப்பவரும் பிரிந்தே இருந்தால் என்ன ஆகும் என்று கேட்ட வெல்ஸ், 802701ஆம் ஆண்டில் அவர்கள் இரு வேறு உயிரினங்களாகவே ஆகிவிட்டதாகக் கற்பனை செய்ததை, தோட்ட நிர்வாகியின் பங்களாவுக்கும் தொழிலாளரின் லயத்துக்கும் இடையிலிருந்த தூரத்தை அறிந்தவர் மிகையாகக் கருதமாட்டார்.

காலமே ஆட்சியாளரின் கையில் இருந்தது என்பதற்கு மலாயாவின் கடிகாரங்கள் சான்று. 1942இல் ஜப்பானியர் நாட்டைக் கைப்பற்றியதும் டோக்கியோ நேரத்தைப் புகுத்தினர். கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக்கணக்குப்படி அது 2602ஆம் ஆண்டு. சூரியன் பழைய இடத்திலேயே இருக்க, மனிதர்கள் மட்டும் 660 ஆண்டுகள் தள்ளி வைக்கப்பட்டார்கள். அந்த 2602இலும் அடுத்த ஆண்டிலும்தான் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, காலராவும் பட்டினியும் அடியும் கொன்றவர்களில் பெரும்பகுதியினருக்குக் கல்லறைகூட இல்லை.

மலேசியத் தமிழ் நாவல் அந்த ரயில்பாதைக்குத் திரும்பத் திரும்பச் சென்றிருக்கிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை வரலாற்று நாவல்களாகவே நின்று, வாசகரை அங்கே அழைத்துச் செல்கின்றன. இன்றைய பேரன் ஒருவனை நெகிரி செம்பிலான் தோட்டம் ஒன்றின் 1942ஆம் ஆண்டுப் பெரட்டில், தன் பாட்டனுக்குப் பக்கத்தில் நிறுத்தும் நாவல் எழுதப்பட வேண்டும். அத்தகைய நாவல் எளிய மீட்புக்கதையாக இருக்க முடியாது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்கப்பட்ட இடத்தில், பாட்டனை எச்சரித்துக் காட்டுக்குள் ஓடவிட்டால், அந்த எண்ணிக்கையை நிரப்ப அடுத்த வீட்டுக்காரர் போவார். பேரன் காப்பாற்றுவது தன் குலத்தை. அழிப்பது தன்னோடு பள்ளியில் படித்த நண்பனின் குலத்தை. தலையிடாமல் நின்றாலோ, ரூஃபஸின் உயிரைக் காத்த டானாவைப் போல, நடக்கப்போவதற்கு அவனும் உடந்தையாகிறான்.

அந்நாவலின் நாயகன் செய்யக்கூடிய செயல் ஒன்று எஞ்சியிருக்கிறது. கிராணி எனப்பட்ட தோட்ட எழுத்தரின் கையில் செக்ரோல் என்னும் பெயர்ப்பதிவேடு இருந்தது. ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பெயரும் தந்தை பெயரும் ஊரும் அதற்குள் இருந்திருக்கும். எவரையும் எவருக்குப் பதிலாகவும் அனுப்பாமல் ஒருவன் அங்கிருந்து கொண்டுவரக்கூடியது அந்தப் பெயர்கள்தான். அவற்றில் எத்தனையை விடிவதற்குள் படியெடுப்பான், தன் பாட்டனின் பெயரை முதலில் எழுதுவானா கடைசியில் எழுதுவானா என்பவை அந்நாவலாசிரியர் தீர்க்க வேண்டியவை.