நேரமே இல்லைங்க பாஸ்டர்!



"அடுத்தவருக்கு உதவ நேரமே இல்லைங்க பாஸ்டர்!" கீழக்குயில்குடியில் இதைக் கேட்காத நாளில்லை. பொய்யுமில்லை. விடிந்தால் மதுரைக்கு பஸ் பிடிக்கணும், இருட்டித்தான் வீடு. இவர்களைக் குறை சொல்வது நியாயமா?

1973-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரைப் பக்கத்துக் கட்டிடத்தில் போய்ப் பேச அனுப்பினார்கள். பாதிப்பேருக்குப் பேசும் பொருளே நல்ல சமாரியன்! வழியில் ஒருவன் முனகிக்கொண்டு கிடந்தான். "நேரமாச்சு, ஓடு" என்று விரட்டப்பட்டவர்களில் பத்தில் ஒருவரே உதவினார். அவசரமில்லாதவர்களிலோ பத்துக்கு ஆறு பேர். பிரசங்கப் பொருளால் பெரிய வித்தியாசமில்லை. (ஊழியக்காரர் நாமும் கவனிக்கணும்.) நெஞ்சு கல்லானதால் அல்ல, அவசரத்தால் கடந்துபோகிறோம்.

இதற்கு வழி நம் மதுரையிலேயே இருக்கிறது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வுபெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் நம் விசுவாசத்தார் அல்ல. சமாரியனும் யூதருக்கு அந்நியன்தானே. அங்கே ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் இன்னொருவரை நர்சுகள் தயார்செய்து வைப்பார்கள். டாக்டர் திரும்பினால் போதும். மிஞ்சின நேரத்தில் தர்மம் என்றிராமல், வேலைக்குள்ளேயே ஏழைக்கு இடம் வைத்தார்கள்.

சமாரியனும் தன் பயணத்தை விட்டுவிடவில்லை. ஓர் இரவு கவனித்தான், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான், திரும்பி வருவதாகச் சொல்லிப் புறப்பட்டான்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கண்ணில் புரையா? கண் முகாமுக்குக் கூட்டிப்போகும் தேதியைக் காலண்டரில் குறித்து, பாட்டியிடமும் சொல்லிவிடுங்கள். அன்று காலையில் புறப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள்.