யார் முகம் சாமி முகம்?

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் இராப்பள்ளி நடத்திக்கொண்டிருந்தோம். ஒருநாள், 'அவங்கவங்க அம்மாவ வரைங்க' என்றேன். ஒரு பெண்பிள்ளை வரைந்து காட்டியது லட்சுமியை. சிவந்த உடம்பு, நீண்ட கண், சரிகைப் புடவை.

'இதா உங்கம்மா?'

'எங்கம்மா கறுப்புண்ணா. அப்படியே வரஞ்சா படம் நல்லாருக்காது.'

அவள் வீட்டுச் சுவரில் போளூர் கடைக்காரர் கொடுத்த காலண்டர். அந்த முகத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1848இல் கிளிமானூர் அரண்மனையில் பிறந்த ரவிவர்மா, ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்தில் மேல்சாதிப் பெண்ணின் நிறத்தையும் நகையையும் உடுப்பையும் தெய்வத்துக்குப் பூட்டினார். 1894இல் பம்பாயில் தொடங்கிய அவரது அச்சகம் அதை வீடுவீடாகக் கொண்டுபோனது. பின்னால் வந்த காலண்டர் ஓவியர்கள் பலரும் அந்தத் தடத்திலேயே நடந்தார்கள்.

அவரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் நியாயம் பேச வேண்டும். திருவிதாங்கூர்க் கோயில் கதவு நமக்குத் திறந்தது 1936இல்தான். அதற்கு வெகுமுன்பே காகிதத்தில் ஏறிய சாமி, தீட்டுப் பார்க்காமல் குடிசைக்குள் வந்துவிட்டது. அது சின்ன விசயமில்லை. ஆனால் நம் முகத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வந்தது.

அவருக்குப் பதினோரு வயதானபோது, 1859இல், நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அதே சமஸ்தானம் உத்தரவு போட்டது. அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை. அடிபட்டு, துணி கிழிபட்டு வாங்கிய உரிமை அது. அந்த மண்ணில்தான் அவர் தேவிக்குப் பட்டு உடுத்தினார். 1893இல் சிகாகோவுக்கு அனுப்பிய படங்களில் ஒரு நாடோடிக் குடும்பமும் உண்டு. அவர்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேவி தாமரைமேல் நிற்கிறாள். ஒன்று இரக்கப்பட, மற்றது கும்பிட.

சிவந்தவளை வரைந்தது குற்றமா? இல்லை. அழகு என்றால் அவள் மட்டுமே என்று ஆனதுதான் அநீதி. அந்தப் படத்தை ஆணியடித்து மாட்டியவர்களில் நாமும் உண்டு.

1927இல் நாராயண குரு களவங்கோடத்தில் சாமிக்குப் பதில் கண்ணாடியை வைத்தார். பெரிய காரியம். ஆனாலும் அந்தப் பிள்ளை கண்ணாடி பார்க்காதவளா? கண்ணாடியை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குக் காலண்டர் முன்பே கற்றுக்கொடுத்துவிட்டது. மாற வேண்டியது அந்தப் பார்வை.

சாமை அறுத்துவிட்டு வந்த தாய் அந்தப் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

'நல்லாத்தான் இருக்கா. யாரு வூட்டுப் பொண்ணு இது?'

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. பதில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளையல்ல, தோழர்களே.